எட்டு வாட்ஸ் செட்டும் கிளாரா அக்கா முறையும்

எங்க மச்சான் ஜெரோம், பி.டி. வாத்தியார். பள்ளிக்கூட மைதானத்துல அவர் விசில் ஊதினா ரோட்டுல போற ஷேர் ஆட்டோ நின்னு பாத்துட்டுத்தான் போகும். குரல் அதுக்கும் மேல. "ஏலே, கையைத் தூக்குலே"ன்னு அவர் ஒரு பையனைச் சொன்னா, மதிலுக்கு அந்தப் பக்கம் இளநி வெட்டுறவரும் அரிவாளோட கையைத் தூக்குவார். இப்படி நாள் முழுக்கக் கத்துற மனுசன், சாயங்காலம் மேட்டுப்பட்டி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டிட்டாருன்னா வேற ஆளு. ஹால் நடுவுல ஒரே ஒரு பிரம்பு நாற்காலி. அதுல உக்காந்து கண்ணை மூடுவார். அதுக்கப்புறம் ரெண்டு ஸ்பீக்கரும் பாடணும், மத்த உலகம் வாயை மூடணும். அடுப்படியில கரண்டி கீழ விழுந்தா ஹால்ல இருந்து "ச்ச்"னு வரும். குக்கர் விசில் அடிச்சா அதுக்கு ஒரு பெருமூச்சு. விசிலை வச்சுப் பொழைக்கிற ஆளு பண்ற வேலையா இது?

நான் அமலன். அவருக்கு வாக்கப்பட்ட கிளாராவுக்குக் கூடப்பிறந்த தம்பி. பேகம்பூர் பக்கம் பெயின்ட் கடை வச்சிருக்கேன். மச்சானைக் கிண்டல் பண்றது மச்சினனுக்குப் பிறப்புரிமை. அந்த உரிமையை நான் ஒரு நாளும் விட்டுக் குடுத்ததில்ல. ஆனா போன வருசம் அவர் வீட்டுக்குள்ள வால்வு வச்ச ஒரு பாட்டு செட்டைக் கொண்டாந்து வச்சப்ப, கிண்டலெல்லாம் தாண்டி எனக்கு நெசமாவே கோவம் வந்துச்சு. எங்க அக்கா தலை நிமிந்து நடக்குறதுக்கே வேட்டு வைக்கப் பாத்தார்.

அக்கா எங்க சர்ச்சுப் பங்குல அன்பியத் தலைவி. அன்பியம்னா, ஒரு தெரு ரெண்டு தெருக்காரங்க சேர்ந்து மாசம் ஒரு வீட்டுல கூடிப் பாட்டுப் பாடி, பைபிள் வாசிச்சு, ஜெபம் பண்ணி, டீ குடிச்சுட்டுக் கலையுறது. வீட்டு வரிசைப்படி முறை சுத்தி வரும். ஒத்த ரூம் வீட்டுக்காரங்ககூட கட்டிலைத் தூக்கி வெளிய போட்டு முறையை நடத்திருவாங்க. அதுல அம்புட்டு கவுரவம். தலைவி வீட்டு முறை மட்டும் ரெண்டு சுத்தா நடக்கலை. ஒரு தடவை மச்சான் ஹாலுக்குச் சவுண்டு சரி பண்றேன்னு சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிக்கிட்டு இருந்தார். இன்னொரு தடவை ஒயரைப் பூராம் பிரிச்சுப் போட்டிருந்தார். அடுத்த தெரு ரோஸ்மேரி, அவங்களுக்கு வாய் கொஞ்சம் நீளம், கோயில் வாசல்லயே சொல்லிட்டாங்க: "கிளாரா வீட்டுல நமக்கு எடமில்லம்மா. அங்க வேற சாமி உக்காந்திருக்கு."

அக்கா வீட்டுக்கு வந்து அழுகலை, சண்டை போடலை. அடுத்த முறை நம்ம வீட்டுல நடக்கும், நடக்கலைன்னா தலைவி பொறுப்பை எழுதிக் குடுத்துட்டு வீட்டோட இருந்துக்கிறேன்னு மட்டும் மச்சான்கிட்ட சொல்லியிருக்கா. மச்சான் கண்ணை மூடிக்கிட்டே தலையாட்டியிருக்கார். பாட்டுக்கு ஆட்டுனாரா, அக்காவுக்கு ஆட்டுனாரான்னு அவருக்கே தெரியாது.

இதுக்கு நடுவுலதான் அந்தக் கோயம்புத்தூர் பயணம். பசங்களைக் கபடிப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனவர், அங்க ஒருத்தர் வீட்டுல வால்வு ஆம்ப்ளிஃபயர் கேட்டுட்டு வந்துட்டார். பசங்க தோத்ததைப் பத்தி ஒரு பேச்சு இல்ல. "மாப்ள, கதகதப்பா இருக்குடா சத்தம்"ங்கிறார். திண்டுக்கல் வெயில்ல கதகதப்புக்கு என்ன மச்சான் பஞ்சம்னு கேட்டேன். என்னைய மனுசனாவே மதிக்காம, கண்ணாடிக் குடுவைக்குள்ள தணல் மாதிரி எரியுதுடா, அதுக்குள்ள இருந்து வயலின் வருதுடான்னு சொல்லிக்கிட்டே போறார். ஏற்கெனவே வீட்டுல இருந்த செட்டு வாங்குனப்பவும் இதே ஆளு, இதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னு சத்தியம் பண்ணினவர்தான்.

அந்தக் கோயம்புத்தூர்க்காரரே வீட்டுல வச்சுக் கட்டிக் குடுப்பாராம். சொல்லி வச்சு, செஞ்சு முடிச்சதும், எடுத்துட்டு வர என்னையத் துணைக்கு இழுத்துட்டுப் போனார். எதுக்குத் துணைன்னு தூக்குனப்பதான் தெரிஞ்சுச்சு. பெட்டி பாக்கச் சின்னது, உள்ள அம்புட்டும் இரும்பு, செம்பு. டிக்கியில போட்டா அதிருமாம், மேல வச்சா சாயுமாம், அதனால என் மடியில. வால்வுகளை மட்டும் தனியாக் கழட்டி டிபன் கேரியர்ல பஞ்சு வச்சு அடுக்கி அவர் மடியில வச்சுக்கிட்டார். கண்டக்டர் வந்து வெல்டிங் மிசினான்னு கேட்டு லக்கேஜ் டிக்கெட் கிழிச்சார். பழனியில ஏறின மொட்டைத்தலைக் கூட்டத்துல ஒரு அம்மா, "ஏனுங்க, சோறு ஏதும் மிச்சமிருக்குதுங்களா, புள்ளைக்குப் பசிக்குது"ன்னு மச்சான் மடியில இருந்த கேரியரைப் பாத்துக் கேட்டாங்க. மச்சான் கேரியரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இல்லன்னு தலையாட்டுனார். அந்தம்மா பாத்த பார்வை இருக்கே, எனக்கே கூசிப்போச்சு. எங்கிட்ட இருந்த பிஸ்கட்டை எடுத்துக் குடுத்தேன். திண்டுக்கல்ல இறங்குறப்ப எனக்குத் தொடை ரெண்டும் மரத்துப் போய் நடை வரலை.

வந்த கையோட செட்டைப் பூட்டினார். வால்வெல்லாம் மெல்லச் செவந்து எரிய ஆரம்பிச்சுச்சு. அழகாத்தான் இருந்துச்சு, அதை நான் மறுக்கலை. பாட்டைப் போட்டார். ஏதோ ரெண்டு தெரு தள்ளிப் பாடுற மாதிரி ஒரு சத்தம். திருகினார். இன்னும் திருகினார். திருகி முடிஞ்சு குமிழு நின்னு போச்சு. சத்தம் மட்டும் கூடலை. பக்கத்து வீட்டுல மிக்ஸியில சட்னி அரைச்சாங்க, அதுல வயலின் காணாமப் போச்சு.

விசயம் என்னன்னா, பழைய செட்டு நூறு வாட்ஸ். இது எட்டு வாட்ஸ். பழைய செட்டுக்குன்னு வாங்குன ஒல்லி ஸ்பீக்கர் ரெண்டும் நல்லாத் தள்ளிவிட்டாத்தான் வாயைத் திறக்கும். எட்டு வாட்ஸுக்கு, லேசா ஊதினாலே பாடுற ஸ்பீக்கர் வேணும். இதைக் கோயம்புத்தூர்க்காரர் முதல்லயே சொல்லியிருக்கார். மச்சான் அப்பயும் கண்ணை மூடித்தான் கேட்டிருக்கார்.

அப்புறம் ஸ்பீக்கர் வேட்டை. தெரிஞ்சவன், தெரியாதவன், பழைய மாணவன் ஒருத்தன் பாக்கியில்ல. கடைசியில ஒட்டன்சத்திரம் பக்கம் மூடிப் போட்ட ஒரு தியேட்டர்ல, திரைக்குப் பின்னாடி நின்ன ரெண்டு பெட்டி கிடைச்சுச்சு. அந்தக் காலத்துல தியேட்டர்லயே கம்மி வாட்ஸ்தானாம், அதனால பெட்டியை அதுக்குத் தக்கனச் செஞ்சிருக்கான். கூப்பிட்டாப் போதும், திரும்பிப் பாக்குற பெட்டி. தக்காளி ஏத்திட்டு வந்த வண்டியில மேல படுக்க வச்சுக் கொண்டாந்து இறக்கினாங்க. ஒவ்வொண்ணும் எங்க அக்கா வீட்டு பீரோ உசரம். உள்ள வௌவால் எச்சம். வாசல்ல நுழையலை. கதவைக் கழட்டினார். அப்பயும் நுழையலை. நெலைக்கட்டையில ஒரு பக்கம் இழைச்சுத் தள்ளினார். பெட்டி ரெண்டும் உள்ள போச்சு, சோபா வெளிய வந்துச்சு. எங்க வீட்டுல கல்யாணத்துக்குக் குடுத்த சோபா. பஞ்சு சத்தத்தை உறிஞ்சுதாம். மொட்டை மாடியில தார்ப்பாய்க்கு அடியில கொண்டு போய்ப் போட்டாரு, பாவி மனுசன். எனக்கு அப்பத்தான் சுர்ருன்னு ஏறுச்சு. முறைக்கு வர்ற சனம் எங்க மச்சான் உக்காரும், உங்க தலையிலயான்னு கேட்டேன். பாய் விரிச்சா முப்பது பேர் உக்காரலாம்டா, கயித்துப் பாய்னா எதிரொலியும் குறையும்னார். அந்தாளுகிட்ட என்னத்தப் பேச?

ஆனா பாட்டைப் போட்டார் பாருங்க. நான் பெயின்ட் கடைக்காரன், எனக்கு ராகமும் தெரியாது தாளமும் தெரியாது. அந்தப் பெட்டியில இருந்து வந்த குரல் எனக்கு எதுத்தாப்புல நின்னு மூச்சு வாங்குச்சு. கிண்டல் பண்ண வாயைத் தொறந்தவன் அப்படியே உக்காந்துட்டேன். அக்கா அடுப்படி வாசல்ல வந்து செத்த நேரம் நின்னா. மச்சான் கண்ணை மூடியிருந்தார். அவ திரும்பிப் போயிட்டா.

அக்கா முறை ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அன்னைக்குச் சின்ன ஃபாதரும் வர்றார்னு சொன்னதுல இருந்து மச்சானுக்குத் திடீர்னு பக்தி வந்துருச்சு. அவரே பாய் விரிச்சார், அவரே ஃபேனைத் துடைச்சார். எனக்குச் சந்தேகந்தான். அப்புறம் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. ஊதுவத்தி செட்டுக்குப் பக்கத்துல வைக்கக் கூடாது. பிள்ளைகளை முன்வரிசையில உக்கார வைக்கக் கூடாது. பாட்டுக்கு எப்பவும் கொண்டு வர்ற அந்த போன் ஸ்பீக்கர், சோப்பு டப்பா சைசுல இருக்குமே, அது இந்த ஹாலுக்குள்ளயே வரக் கூடாது. அது ஹாலுக்கு அவமானமாம். எல்லாப் பாட்டும் வால்வு செட்டுல வரும், சனம் கூடப் பாடினாப் போதும். அக்கா எல்லாத்துக்கும் சரி சரின்னா. கூட்டம் நடந்தாப் போதும் அவளுக்கு. அவ அன்னைக்குக் கட்டியிருந்த சேலை, மகன் ஓசூர்ல வேலைக்குச் சேர்ந்து முதல்ல எடுத்துக் குடுத்தது. அதை அவ விசேசத்துக்குத்தான் கட்டுவா.

சனம் வந்துச்சு. பாய் கொள்ளாம வந்துச்சு. பாதிப் பேர் ஜெபத்துக்கு, பாதிப் பேர் அந்த வேற சாமியைப் பாக்க. ரோஸ்மேரி ரெண்டு பெட்டியையும் ஏற இறங்கப் பாத்துட்டு, உள்ள துணி வைக்கலாமாங்கன்னு மச்சான்கிட்டயே கேட்டாங்க. மச்சான் அதுக்கும் சிரிச்சார். ஃபாதர் வந்ததும் செட்டுக்குப் பக்கத்துல கூட்டிட்டுப் போய் நிறுத்தி, வால்வு எரியுறதைக் காட்டி, சன்னமா ஒரு வயலின் போட்டுக் காட்டினார். ஃபாதருக்குப் புடிச்சுப் போச்சு. இளவட்டம், நல்ல மனுசன். அருமை சார், அருமை சார்ன்னு குனிஞ்சு குனிஞ்சு பாக்குறார்.

எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு. புதுசா வண்டி எடுத்தா, போர் போட்டா, தையல் மிசின் வாங்கினாக்கூட ஃபாதர் மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிக்காம ஓட்ட மாட்டோம். மச்சான் வண்டியை மந்திரிச்சப்ப நான்தான் மெழுகுதிரி பிடிச்சேன். அந்த நெனப்புதான் மச்சானுக்கும் வந்திருக்கு. வண்டியை விட இது ஒசத்தியில்லையா?

"ஃபாதர், புதுச் செட்டு. ஒரு வார்த்தை மந்திரிச்சுக் குடுத்துருங்க."

ஃபாதர் ஜெபம் சொன்னார். எல்லாரும் எந்திரிச்சு நின்னோம். வால்வு ஒவ்வொண்ணும் தொட்டா கை கொப்புளிக்குற சூட்டுல இருக்கு. செட்டை அணைக்கணும்னு மச்சானுக்குத் தோணலை, அது எரிஞ்சாத்தானே அழகு. எனக்குத் தோணுச்சு, ஆனா ஜெபத்துக்கு நடுவுல வாயைத் திறக்கக் கூச்சம். சின்ன ஃபாதர் தீர்த்தம் தெளிச்சார்னா கஞ்சத்தனமே இருக்காது, ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா ராத்திரியில முன்வரிசைக்காரங்க நனைஞ்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. கையை ஓங்கி ஒரு வீசு வீசினார்.

'ட்ணிங்'குன்னு ஒரு சத்தம். வலது பக்கத்துப் பெரிய வால்வுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு கோடு. உள்ள பளபளன்னு இருந்த கண்ணாடி, பாக்கப் பாக்கப் பால் மாதிரி வெளுத்துப் போச்சு. பெட்டி ஒண்ணு கர்ருன்னு உறுமுச்சு. மச்சான் பாய்ஞ்சு பிளக்கைப் பிடுங்கினார்.

ஃபாதர் கையில தீர்த்தச் செம்போட நிக்கிறார், முகம் செத்துப் போச்சு. நான் அக்காவைப் பாத்தேன். அவ வால்வைப் பாக்கலை, மச்சான் வாயைப் பாத்துக்கிட்டு இருந்தா. அந்த வாயில இருந்து மைதானத்துக் குரல் வெளிய வந்துச்சுன்னா முடிஞ்சுது கதை. ஃபாதரை ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா அக்கா இனிமே எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போவா? மச்சான் கழுத்து நரம்பு புடைக்குது. எனக்குத் தெரியும், அது கத்துறதுக்கு முன்னாடி வர்ற புடைப்பு. அப்ப பாத்து ரோஸ்மேரி, இன்னொரு நாளைக்கு எங்க வீட்டுல வச்சுக்கலாமேன்னு பாயைச் சுருட்டக் குனிஞ்சாங்க.

மச்சான் திரும்பி அக்காவைப் பாத்தார். அவ முந்தானையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருந்தா. புடைப்பு மெல்ல அடங்குச்சு.

"பாயை விரிங்க ரோஸ்மேரி. இது கிளாரா முறை. ஃபாதர், நீங்க உக்காருங்க. ஒரு கண்ணாடி போச்சு, அம்புட்டுத்தானே."

அப்படிச் சொல்லிட்டுச் சுவரோரமா சம்மணம் போட்டு உக்காந்தார். நான் என் காதையே நம்பலை. இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல அந்தாளைக் கிண்டல் பண்ணியிருக்கேன், அன்னைக்குத்தான் கும்பிடணும்னு தோணுச்சு.

இப்பப் பாட்டுக்கு என்ன பண்றது? வால்வு செட்டு செத்துப் போச்சு. பழைய செட்டு அதோட ஸ்பீக்கரோட பரண்ல கிடக்கு. போன் ஸ்பீக்கரைக் கொண்டு வராதீங்கன்னு மச்சானே தடை போட்டாச்சு. ரோஸ்மேரி ஆரம்பிச்சாங்க, உச்சியில எடுத்துட்டாங்க, ரெண்டாவது அடியிலயே குரல் கீச்சுன்னு நின்னு போச்சு. பிள்ளைகள் சிரிக்குதுக. அந்த எடத்துல எங்க அக்கா, உக்காந்த எடத்துல இருந்தே, பதறாம, கீழ் ஸ்தாயியில எடுத்துப் பாட ஆரம்பிச்சா.

அந்த ஹால்ல முட்டை அட்டை, கயித்துப் பாய், கனத்த திரைன்னு மச்சான் வருசக்கணக்கா என்னென்னவோ பண்ணி வச்சிருந்தாரே, அதெல்லாம் அன்னைக்கு வேலை செஞ்சுச்சு. எதிரொலி இல்ல, இரைச்சல் இல்ல. அக்கா குரல் சுத்தமா, தனியா, ஒவ்வொரு எழுத்தும் கேக்குற மாதிரி எல்லாருக்கும் நடுவுல நின்னுச்சு. ரெண்டாவது சரணத்துல மத்தவங்க கூடச் சேர வேண்டியது, ஒருத்தரும் சேரலை, கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஃபாதர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். மச்சான் மட்டும் கண்ணை மூடலை. அக்காவையே பாத்துக்கிட்டு இருந்தார்.

கூட்டம் நல்லபடியா முடிஞ்சு, டீயும் மிக்சரும் குடுத்து, சனம் கிளம்பிப் போச்சு. ரோஸ்மேரி போறப்ப அக்கா கையைப் பிடிச்சு, அடுத்த மாசம் எங்க வீட்டுலயும் நீதான் பாட்டு எடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க. ஃபாதர் மச்சான்கிட்ட எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டாரோ, அத்தனை தடவையும் மச்சான் அவர் தோள்ல தட்டி அனுப்பினார். அப்புறம் ஹால்ல நாங்க மூணு பேர்தான். அக்கா டம்ளர்களைத் தட்டுல அடுக்கிக்கிட்டு இருந்தா. மச்சான் அந்த வெளுத்த வால்வைக் கையில வச்சு உருட்டிக்கிட்டு இருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நீ எப்ப இருந்து கிளாரா இப்படிப் பாடுற?"

அக்கா அடுக்குறதை நிறுத்தலை. கோவமா, குத்திக் காட்டுற மாதிரியா எல்லாம் சொல்லலை. சோத்துக்கு வெஞ்சனம் என்னன்னு கேட்டாச் சொல்லுவாளே, அந்த மாதிரிதான் சொன்னா.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து பாடிக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க செட்டுச் சத்தத்துல கேட்டிருக்காது."

தட்டைத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. மச்சான் என்னையப் பாத்தார். கிண்டல் பண்ண நல்ல எடம், நான் பாயைச் சுருட்ட ஆரம்பிச்சேன். அவர் எந்திரிச்சு அடுப்படி வாசல்ல போய் நின்னார். பாடுன்னு கேக்க அவருக்கு வெக்கம். அவளும் திரும்பிப் பாக்கலை, டம்ளரைக் கழுவிக் கழுவிக் கவுத்துக்கிட்டு இருந்தா. பாடலை. நான் செருப்பை மாட்டிக்கிட்டு, வாரேன் மச்சான்னு சொன்னேன். அவர் திரும்பாமலே, சத்தம் போடாதேன்னு கையைக் காட்டிட்டு, நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு இருந்தார்.